எத்தனை அட்டை போதும்?

"பாட்டி, என் போர்ட்ஃபோலியோ இன்னிக்கு ஏறியிருக்கு!" என்கிறான் பேரன். பத்து வயது. கே.கே. நகர் வீட்டில் அவன் படிப்பு மேஜைமேல் போக்கிமான் அட்டைகள் அடுக்கிய பைண்டர் ஒன்று இருக்கிறது. கலெக்டர் என்ற செயலியைத் திறந்து அட்டைமேல் ஃபோன் கேமராவைக் காட்டினால், அது இன்ன அட்டை, இன்றைக்கு இவ்வளவு விலை என்று வந்து விழுகிறது. எல்லா அட்டைக்கும் சேர்த்து மேலே ஒரு மொத்தத் தொகை, அதன் கீழே பங்குச்சந்தை மாதிரி ஒரு கோடு.

நான் தணிக்கை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். பிறருடைய சரக்கிருப்பை எண்ணிச் சரிபார்த்துத்தான் சம்பாதித்தேன். அதனாலோ என்னவோ, ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. நம்மிடம் இருப்பதை எண்ணிப் பார்ப்பதே பற்றாகிவிடுமா?

ஆகாது என்றுதான் நினைக்கிறேன். அவனுடைய பிக்காச்சு அட்டையின் இடது கீழ் மூலையில் பொடி எழுத்தில் 025/165 என்று இருக்கும். 2023-இல் வந்த '151' தொகுப்பின் அட்டை அது. எண்ணுக்குப் பக்கத்தில் வட்டம் போட்டிருந்தால் சாதாரண அட்டை, நட்சத்திரம் என்றால் அரிது. பிக்காச்சு எத்தனையோ தொகுப்புகளில் வருகிறது. எது எந்தத் தொகுப்பு என்று அந்தப் பொடி எழுத்துதான் சொல்லும். செயலி பட்டியல் போட்டதால்தான் சில அட்டைகள் இரண்டிரண்டாக இருப்பதே அவனுக்குத் தெரிந்தது. மிச்சத்தை மாடி வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். எண்ணியதால்தான் கொடுக்க மனம் வந்தது.

சிக்கல் விலையில்தான். செயலி காட்டுவது பெரும்பாலும் அமெரிக்கச் சந்தை விலை. மூலை மழுங்கினாலோ, மேலே கீறல் விழுந்தாலோ அது பாதியாகக்கூட இறங்கும். அட்டையைச் சோதித்து 1 முதல் 10 வரை தரம் போட்டுத்தர பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்களே இருக்கின்றன. இவன் அட்டைகளை யாரும் அப்படித் தரம் பார்த்ததில்லை. முனுசாமி சாலையில் நின்று கூவினாலும் அந்த விலைக்கு வாங்க ஆள் வரப்போவதில்லை.

எங்கள் தொழிலில் கணக்கியல் தரநிலை 2 என்று ஒன்று உண்டு. கையிருப்புச் சரக்கை வாங்கிய விலையிலோ, விற்றால் கிடைக்கக்கூடிய நிகரத் தொகையிலோ, எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும். விற்காத சரக்கில் லாபம் எழுதக் கூடாது. பணியில் இருந்தவரை இதை வெறும் விதி என்றே பார்த்தேன். கைக்கு வராததை நம்பி மகிழாதே என்ற அறம் அதற்குள் இருப்பது இப்போது தெரிகிறது. செயலி நேர்மாறாக, விற்காத அட்டைக்கு தினமும் லாப நஷ்டம் எழுதுகிறது. கோடு சிவப்பானால் பிள்ளை முகம் வாடுகிறது. அட்டை பைக்குள் அப்படியேதான் இருக்கிறது, படமும் அதேதான். அந்த வாட்டத்தைத்தான் நான் பற்று என்பேன்.

1990-களின் பிற்பகுதியில் ஜப்பானில் நடந்த ஓவியப் போட்டியில் ஜெயித்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்த ஒரு பிக்காச்சு அட்டையை, லோகன் பால் என்பவர் 52.75 லட்சம் டாலருக்கு வாங்கியது கின்னஸில் பதிவானது. என் பேரனுக்கு அந்தத் தொகை மனப்பாடம். அதில் என்ன படம், யார் வரைந்தது என்று கேட்டேன், தெரியவில்லை. எனக்கு அதுதான் வருத்தம். நவராத்திரிக்கு எங்கள் தெருவில் வீடு வீடாகக் கொலு பார்க்கப் போகிறோம். இந்தச் செட்டியார் பொம்மை எங்கே வாங்கினது என்று கேட்போமே தவிர, இப்போது என்ன விலை போகும் என்று யாரும் கேட்பதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்று பத்து வயதுப் பிள்ளையிடம் பட்டினத்தார் வழியைச் சொல்ல முடியுமா? சமணம் இங்கே நிதானமாக யோசித்திருக்கிறது. துறவிக்கு உடைமையே கூடாது. இல்லறத்தானுக்கோ பரிக்ரஹ பரிமாணம் என்ற விரதம்: நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், கால்நடை என்று ஒவ்வொன்றுக்கும் தானே ஓர் அளவு வைத்துக்கொண்டு, அதைத் தாண்டாமல் வாழ்வது. தாண்டினால் குற்றம் என்று தத்வார்த்த சூத்திரம் சொல்கிறது. தமிழில் அருங்கலச்செப்பும் இல்லறத்தாருக்கு இந்த நோன்பைச் சொல்கிறது. எண்ணிப் பார்க்காமல் இந்த விரதத்தைக் காக்கவே முடியாது. கணக்கு அங்கே ஆசைக்கு ஏவல் செய்யவில்லை, ஆசைக்குக் கரை கட்டுகிறது.

செயலியில் எத்தனையோ கட்டங்கள் இருந்தும் 'போதும்' என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. அதனால் பைண்டரையே எல்லையாக வைத்தோம். பக்கத்துக்கு ஒன்பது பை, இருபது தாள், இருபுறமும் சேர்த்து 360. நிறைந்த பிறகு ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். எதை அனுப்புவது என்று தீர்மானிக்கும்போதுதான் அவன் ஒவ்வொரு அட்டையையும் உண்மையிலேயே பார்க்கிறான். போன வாரம் விலை கூடிய ஒன்றைக் கொடுத்துவிட்டு, மூலை மடிந்த பிக்காச்சுவை வைத்துக்கொண்டான். ஊர் மாறிப் போன சிநேகிதன் கொடுத்ததாம்.

பணம் தேவைப்பட்டால் விற்கட்டும், தவறே இல்லை. அன்றைக்கு லாபம் எழுதிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டிலும் இப்படிச் சேர்க்கிற பிள்ளை இருந்தால், அடுத்த பாக்கெட் வாங்கித் தருவதற்கு முன் எத்தனை போதும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் எண்ணை அவர்கள் கையாலேயே பைண்டரின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.