சாயம் போகாது, மருந்துதான் போகும்

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் ஏறிவிட்டேன். அப்போதுதான் காரின் சூட்டுமுள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் குரங்குகளுக்குக் காவல் நின்றேன். சூடு தணிந்ததும் கூலண்ட் டப்பாவைப் பார்த்தேன். நல்ல பச்சை. மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில், ஒரு குறையும் இல்லாமல் நின்றது.

மறுநாள் ஆம்பூரில் மெக்கானிக் பாய் கேட்டார்: “இன்னா சார் ஊத்துனீங்க?”

“கூலண்ட்தான் பாய். குறையும்போது வீட்டு போர் தண்ணி கொஞ்சம்.”

“கூலண்ட் மாத்தி எத்தினி வருஷம்?”

பதில் இல்லை. “நிறம் அப்படியேதானே இருக்கு?” என்றேன்.

“சாயம் போகாது சார், மருந்துதான் போகும்” என்றார்.

கழற்றிய ரேடியேட்டரை அறுத்துக் காட்டினார். குழாய்களுக்குள் வெந்நீர் அண்டாவில் படிவதைப் போல வெள்ளைக் காரை. அலுமினியத்தில் ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடிப் பள்ளங்கள்.

கூலண்டில் பெரும்பங்கு தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும்தான். பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டி 106, 107 வரை போகும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் அதை இன்னும் உயர்த்தும். இந்தக் கிளைக்காலுக்கு இயல்பில் நிறமே கிடையாது. பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு எல்லாம் தயாரிப்பவர் போடும் சாயம். எந்த நிறத்துக்குள் எந்த மருந்து என்று எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்றும் இல்லை. பாய் மருந்து என்று சொன்னது, நூற்றில் சில பங்கே இருக்கும் அரிப்புத் தடுப்பானை. உலோகத்தைக் காப்பாற்றிக் காப்பாற்றியே அது தீர்ந்துபோகும். பழைய சிலிகேட் வகை சுமார் இரண்டு வருடம் தாங்கும், கரிம அமில வகை ஐந்து வருடம் தாங்கும். தீர்ந்த பிறகும் டப்பாவில் பச்சை பச்சையாகவே இருக்கும்.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 26 வருடம் டேனரியில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். குரோம் போட்டு டிரம்மிலிருந்து எடுக்கும் தோலை வெட் ப்ளூ என்போம். வெளியே நீலம் நன்றாக ஏறியிருக்கும். அதை நம்பி யாரும் அடுத்த வேலைக்கு அனுப்ப மாட்டோம். ஒரு துண்டு வெட்டி, காகிதத்தில் அதன் அளவை வரைந்துகொண்டு, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, திரும்பவும் அந்தக் கோட்டின் மேல் வைப்போம். சுருங்காமல் கோட்டைத் தொட்டால் தோல் பதமாகிவிட்டது. சுருண்டுகொண்டால் நீலம் மட்டும்தான் ஏறியிருக்கிறது, குரோம் உள்ளே பிடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான தோல்களை இப்படிச் சோதித்தவன், சொந்தக் காரில் நிறத்தைப் பார்த்து ஏமாந்தேன்.

உள்ளே இருக்க வேண்டியது தீர்ந்த பின்னும் வெளித்தோற்றம் குலையாமல் நிற்கிற பொருளை எப்படி அறிவது? மெக்கானிக் ஷெட் பெஞ்சில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வேலூர்க்காரனுக்கு இது புதிய கேள்வியும் இல்லை. தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாமல் கிடந்தது. 1981-ல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்பி வந்தது. அதற்கு முன், நான் சிறுவனாக இருந்தபோது, அப்பா என்னை அங்கே அழைத்துப் போவார். வந்தவர்கள் கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளியைப் பார்த்து வியந்துகொண்டிருப்பார்கள். அப்பா மட்டும் காலியான கருவறைக்கு நேரே நின்று கைகூப்புவார்.

“உள்ள சாமியே இல்லியேப்பா?”

“காலின்னு தெரிஞ்சவன் ஒரு நாளைக்கு ரொப்புவான்டா” என்றார்.

அப்போது அது சமாளிப்பாகத் தோன்றியது. இப்போது பார்த்தால் என் கேள்விக்குப் பாதி பதில் அதில் இருக்கிறது. காலியாக இருப்பதில் பெரிய ஆபத்து இல்லை. காலி டப்பாவோடு நான் மலை ஏறியிருக்கவே மாட்டேன். நிறைந்திருக்கிறது என்ற நம்பிக்கைதான் என்னை ஒன்பது வளைவு வரை கொண்டுபோய் நிறுத்தியது.

மீதிப் பாதி பதில் எனக்குக் கொஞ்சம் கசந்தது. அப்பா இறந்த முதல் இரண்டு வருடம் திதி கொடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். “மனசுல இருக்காரு, தேதி எதுக்கு?” என்று அக்காவிடம் வாதாடினேன். சடங்கு வெறும் கூடு என்பது என் கட்சி. ஆனால் மனசில் இருக்கிறார் என்று நான் சொன்னதும், டப்பாவில் பச்சை தெரிகிறது என்று நம்பியதும் ஒரே ஜாதி. மூன்று வருடத்தில் அவர் குரல் எனக்கு எவ்வளவு மங்கிவிட்டது என்பதை நான் சோதித்துப் பார்க்கவே இல்லை. கண்ணால் பார்த்து அறிய முடியாததற்குத்தான் தேதி வேண்டியிருக்கிறது. சடங்கு கூடாகிவிடலாம், உண்மைதான். ஆனால் உள்ளே திரும்பிப் பார்க்க ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கியவன், கூடு காலியா என்றாவது தெரிந்துகொள்வான்.

போர் தண்ணீர் கதை இன்னும் சங்கடமானது. டம்ளரில் பிடித்தால் பளிங்குபோல இருக்கும் தண்ணீர் அது. டேனரிக்குப் பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்பில் புரட்டித்தான் வரும். ஊறவைக்கும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்கும். பல வருடம் அது பாலாற்றுப் பக்கத்து மண்ணில்தான் இறங்கியது. குரோமுக்காவது நிறம் உண்டு, கரைந்த உப்புக்கு அதுவும் இல்லை. அலுமினியத்தின் மேல் இயற்கையாகப் படியும் மெல்லிய காப்புப் படலத்தைத் துளைப்பது உப்பிலுள்ள குளோரைடுதான். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அன்று அதை முதலாளிகளின் விவகாரம் என்று நினைத்தேன். என் கையால் ஊறவைத்த தோலின் உப்பு என் ரேடியேட்டருக்கே வந்து சேரும் என்று நினைக்கவில்லை. வினை என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது.

புது ரேடியேட்டர் போட்டாயிற்று. எந்தக் கூலண்ட் என்று பாயைக் கேட்டேன். “வண்டி புக்க பாருங்க சார், கலர பாக்காதீங்க” என்றார். ஜப்பான் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் சிலிகேட்டைத் தவிர்த்து பாஸ்பேட் சேர்ப்பார்கள். ஐரோப்பாவில் கடினநீரில் காரை படியும் என்று பாஸ்பேட்டைத் தவிர்ப்பார்கள். இரண்டும் தத்தம் எஞ்சினில் நல்லவை. கலந்து ஊற்றினால் ஒன்றின் ஆயுளை ஒன்று குறைக்கும், சில சமயம் கூழாகக்கூடத் திரளும். வகை மாற்ற வேண்டுமானால் பழையதை முழுக்க வடித்து, அலசிவிட்டு மாற்ற வேண்டும். கெட்டியாக வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரில்தான் கலக்க வேண்டும்.

பானெட்டின் உட்புறம் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். வீட்டுக் காலண்டரில் அப்பாவின் திதியையும் வட்டமிட்டிருக்கிறேன்.

வடித்த பழைய கூலண்ட் மூடிய கேனில் ஷெட்டிலேயே இருக்கிறது. அது இனிக்கும் விஷம். நாயோ பூனையோ நக்கினால் செத்துப்போகும். கழிவு எடுப்பவரிடம் சேர்ப்பது பாயின் பொறுப்பு. நீங்கள் மாற்றும்போதும் தயவுசெய்து கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள். எங்கள் பக்கத்துக் கால்வாய் பாலாற்றுக்குப் போகிறது. அதில் நாங்கள் ஊற்றியதே போதும்.