அலாரம் அடிக்கட்டும், எழுந்து நில்!

"மணலிப் பையனுக்கு கம்ப்யூட்டர் சர்வரைக் கண்காணிக்கும் வேலையா? அதெல்லாம் ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆர். பக்கத்து ஆளுங்களுக்கு" என்று எவன் சொன்னாலும் நம்பாதே தம்பி. தங்கச்சி, நீயும் நம்பாதே!

1969-லிருந்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடுகிற ஊர் இது. கன்ட்ரோல் ரூமில் நைட் ஷிப்ட் பார்த்த பெரியவர் ஒருவராவது உன் தெருவில் இருப்பார். அவரிடம் போய் உட்கார். பிரஷர் எந்த அளவைத் தாண்டினால் அலாரம், எதைத் தாண்டினால் ஆலையையே நிறுத்த வேண்டும், முதலில் யாருக்குப் போன் என்று விரல் விட்டுச் சொல்வார். சர்வரிலும் இதேதான். பிரஷர் இருந்த இடத்தில் டிஸ்க், மெமரி, வெப்சைட் பதில் தரும் நேரம். அவ்வளவுதான்!

2023 டிசம்பர் 26 இரவு பக்கத்து எண்ணூரில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் ஜனங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது அந்த நெடிதான். இருட்டில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எச்சரிக்கை தாமதமானால் யாருடைய மூச்சு திணறும் என்று உனக்குத் தெரியும். எந்தக் கல்லூரியிலும் கிடைக்காத படிப்பு அது.

பெரிய கம்பெனிக்காரர்கள் எல்லாம் தெரிந்தவர்கள் என்று பயப்படுகிறாயா? 2017 ஜனவரி 31-ஐப் பார். உலகம் முழுக்க புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேமிக்க நம்பியிருந்த கிட்லேப் தளம், தன் முதன்மை டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்துவிட்டது. பேக்கப்பைத் தேடினால், தினசரி பேக்கப் தோற்றுப்போயிருந்தது! பேக்கப் தோற்றால் மெயில் வரும்படி அமைத்துத்தான் இருந்தார்கள். அந்த மெயில்களையோ பெறும் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல் கைகொடுத்தது. அப்படியும் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். ஆனால் ஒளியவில்லை. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். தோல்வியைத் திறந்து காட்டும் அந்தத் துணிச்சல் உனக்கும் வேண்டும்.

கருவி வாங்கக் காசு வேண்டாம். பால்டிக் கடலோரத் துறைமுக நகரம் ரீகாவில், வங்கியில் வேலை பார்த்த அலெக்ஸி விளாடிஷேவ் தன் தேவைக்காக எழுத ஆரம்பித்ததுதான் சர்வர்களைக் கண்காணிக்கும் ஜாபிக்ஸ் மென்பொருள். 2001-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். துறைமுகத்துப் பிள்ளை நீயும் இறக்கிக்கொள்!

ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடு, அதில் ஜாபிக்ஸை நிறுவு. டிஸ்க் 80 சதவீதம் நிறைந்தால் முதல் எச்சரிக்கை, 90 ஆனால் டெலிகிராமில் செய்தி. ஒரு நொடி ஏறி இறங்கும் சிபியூவுக்கெல்லாம் போன் அடிக்க வைக்காதே. ஐந்து நிமிடம் தொடர்ந்து ஏறியிருந்தால் மட்டும் அடிக்கட்டும். சும்மா சும்மா அடிக்கும் அலாரத்தை மனிதன் மியூட் செய்துவிடுவான், நிஜமான ஆபத்தும் அதோடு அமுங்கிப் போகும். கண்காணிக்கிற கம்ப்யூட்டரே செத்துவிட்டால்? அதைக் கண்காணிக்க வேறிடத்தில் இன்னொன்றை வை.

அப்புறம் முதல் கம்ப்யூட்டரின் லேன் கேபிளைப் பிடுங்கு. போன் அடிக்கவில்லையா? எங்கே அறுந்தது என்று தேடு, திருத்து, மறுபடி பிடுங்கு. இன்டர்வியூவில் என்ன தெரியும் என்று கேட்டால் சான்றிதழைத் தேடாதே. லேப்டாப்பைத் திற, அவர்கள் கண்ணெதிரே உன் சர்வரை நிறுத்து, போனை மேஜை மேல் வை. அது அடிக்கட்டும்!