‘போதும்’ என்று சொல்வது யார்?

நாலு சிலிண்டரா, ஆறு சிலிண்டரா என்பது பட்டறைக் கேள்வி. பதில் சொல்லப் புறப்பட்டால் கொஞ்ச தூரத்திலேயே அது பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுகிறது. ‘உனக்கு இவ்வளவு போதும்’ என்று இன்னொருவரிடம் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது என்ற இடத்தில் போய் நிற்கிறது.

என் அக்கா மகன் ஈப்போவில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். அவனிடம் இருப்பது பழைய டொயோட்டா கொரோலா, கேஇ70. ஒரு காலத்தில் சாதாரணக் குடும்பக் கார். எடை குறைவு, பின்சக்கர உந்தல். அதனால் டிரிஃப்ட் பழகும் மலேசியப் பையன்களுக்கு அது செல்லப்பிள்ளை. ஆனால் அதில் வந்த 4கே எஞ்சின் வெறும் 1,290 சிசி. கார் பின்பக்கம் வழுக்க, பக்கவாட்டிலேயே வளைவைக் கடப்பதற்கு அந்தப் பலம் பற்றாது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப்-கட் கார்களிலிருந்து வேறு எஞ்சினை எடுத்துப் பொருத்த வேண்டும். அவன் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நிசானின் எஸ்ஆர்20டிஇடி: நாலு சிலிண்டர், 1,998 சிசி. மற்றது டொயோட்டாவின் 1ஜேஇசட்-ஜிடிஇ: ஆறு சிலிண்டர், 2,492 சிசி, தொழிற்சாலைக் கணக்கிலேயே 280 குதிரைத்திறன்.

“மாமா, நீங்க சொல்லுங்க. நாலா, ஆறா?”

ஆறுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வரிசையாக நிற்கும் ஆறு பிஸ்டன்களின் அசைவுகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். நாலு சிலிண்டரில் மிஞ்சும் சிறு நடுக்கம் அதில் இல்லை. இரும்பு பிளாக், நிறைய அழுத்தம் தாங்கும். மிதித்தால் எந்த நேரத்திலும் பின்சக்கரம் வழுக்கும். நாலு சிலிண்டரோ அலுமினிய பிளாக், நீளம் குறைவு. காரின் மூக்கு கனக்காது, திருப்பினால் சொன்னபடி கேட்கும். ஆனால் பலம் குறைவு என்பதால் வளைவுக்குள் நுழையும்போதே வேகத்தைச் சரியாகக் கணித்திருக்க வேண்டும். தப்புப் பண்ணினால் மிதித்துச் சமாளிக்க முடியாது.

எஞ்சினோடு செலவும் முடிவதில்லை. ஆறு சிலிண்டர் வந்தால் கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பிரேக் எல்லாம் மாற வேண்டும். அந்தச் சின்னக் காரின் பின் அச்சும் டிஃபரென்ஷியலும் 280 குதிரைகளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. திருக்குறளின் 48ஆம் அதிகாரமான ‘வலியறித’லில் மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிகிற உவமை வரும். மெல்லிய பொருளாக இருந்தாலும் அளவு மீறினால் தாங்காது என்பதுதான் அங்கே பேச்சு. எங்கள் பட்டறைக்காரர்கள் அதைப் படிக்காமலேயே அச்சு முறிந்து தெரிந்துகொண்டவர்கள்.

ஆகவே ‘நாலு போதும்’ என்று சொல்லிவிடலாம். ஆனாலும் அந்தச் சொல் என் வாயில் சட்டென்று வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். ‘போதும்’ என்ற சொல்லை எங்களுக்கு எப்போதும் வேறு யாராவதுதான் சொன்னார்கள். லயத்து வீடு போதும். ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளி போதும். துரை சொன்னார், கிராணி சொன்னார், கடைசியில் எங்கள் பெரியவர்களே அதை ஒரு நல்ல குணமாக்கிச் சொன்னார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் பணத்தைப் போட்டுத் தோட்டம் வாங்குவதுதான் திட்டம். கூலிக்கு மரம் வெட்டுகிறவன் தோட்டத்தில் பங்குதாரன் ஆகலாம் என்ற நினைப்பு அன்றைக்கு அளவு மீறிய ஆசைதான். ‘அளவோடு இரு’ என்ற அறிவுரையை எல்லாரும் கேட்டிருந்தால் அது நடந்தே இருக்காது.

அப்படியென்றால் அளவு என்பதே அடிமைப் புத்தியா? அப்படியும் சொல்ல முடியவில்லை. என் அம்மா பால்மரம் வெட்டியவர். உளி பட்டைக்குள் எவ்வளவு இறங்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கிற வளர்திசுவைத் தொட்டுவிட்டால் அங்கே காயமாகும், பட்டை ஒழுங்காகத் திரும்ப வளராது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முன்னாலேயே கை நின்றுவிட வேண்டும். இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், அம்மாவின் கை நின்றது. கைக்கே தெரிந்த ‘போதும்’ அது.

அதே தோட்டத்தில் மரங்களை அழித்து மறுநடவு செய்ய முடிவானால், வெட்டிச் சாய்ப்பதற்கு முன் கடைசிச் சொட்டு வரை பாலை எடுத்துவிடுவார்கள். அப்போது எந்த ஆழமும் ஆழமில்லை. அளவைப் பற்றி அவ்வளவு பேசிய நிர்வாகத்துக்கு, லாபம் மாறியதும் அளவும் மாறியது.

இங்கேதான் எனக்கு ஒரு வித்தியாசம் புரிகிறது. பொருளையும் கையையும் அறிந்து வருகிற அளவு ஒன்று. ஆளின் பிறப்பையும் தகுதியையும் பார்த்து வருகிற அளவு இன்னொன்று. முதலாவது கை பழகப் பழக நகரும். இரண்டாவது நகரவே நகராது. யாராவது ‘போதும்’ என்றால் ‘எது வரைக்கும்?’ என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்குப் பதில் இருந்தால் அது அறிவுரை. இல்லையென்றால் வேலி.

மூன்றாவதாக ஒரு அளவும் இருக்கிறது. பழைய தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அந்த ஒதுக்குப்புறச் சாலைகளில் ராத்திரி கார் வழுக்கிப் பார்க்கிற ஆசை பையன்களுக்கு வரும். எதிரே மோட்டார் சைக்கிளில் வேலை முடிந்து வருகிறவர் இந்த விளையாட்டுக்குச் சம்மதம் கொடுத்தவர் அல்லர். அவர் விஷயத்தில் நாலும் ஆறும் ஒன்றுதான். எஞ்சின் மாற்றினால் ஜேபிஜேயில் அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியைப் பையன்கள் வெறும் பாரத் தொல்லையாகப் பார்க்கிறார்கள். அங்கே இல்லாத அந்த மனிதரின் சார்பில் கேட்கப்படும் கேள்வியாக நான் அதைப் பார்க்கிறேன்.

அவனிடம் சொன்னேன்: “நாலு போடு. உன் தகுதிக்கு அதுதான்னு சொல்லல. ஆறு போட்டா உனக்கு என்ன தெரியலன்னே உனக்குத் தெரியாது, எல்லாத்தையும் எஞ்சினே மறைச்சிடும். ஓட்டுறதா இருந்தா மூடுன திடல்ல மட்டும் ஓட்டு.”

“அப்ப ஆறு வேணாம்னு சொல்லல, இப்ப வேணாம்னு சொல்றீங்க.”

“ஆமா. எப்ப வேணும்னு உன் கை சொல்லும். என்னைக் கேட்காத.”

மூன்று வருடமாகச் சேர்த்த பணம் அவனுடையது. அதைக் கொண்டு அவன் ஆறே வாங்கினாலும் நான் அவனோடு சண்டை போடப்போவதில்லை. ஆசைப்படுவதற்கே அனுமதி கேட்டு நின்ற தலைமுறைகளுக்குப் பிறகு வந்தவன் அவன். தன் அளவைத் தானே கண்டுபிடிக்கிற சிரமம் அவனுக்குக் கிடைக்கட்டும். அந்தச் சிரமத்தை அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்கிற எந்த ‘போது’மும், எவ்வளவு அன்போடு சொன்னாலும், பழைய துரையின் குரல்தான்.