எஞ்சினுக்கு ஒரு புள்ளி

பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம் வேல்ஸில் உள்ள ஸ்வான்சீ நகரில் இருக்கிறது. பழைய வண்டியைப் பிரித்து மாற்றிக் கட்டியவர்களிடம் அது நெடுங்காலம் ஒரு கணக்குக் கேட்டுவந்தது. சேஸிஸ் பழையபடியே இருந்தால் 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குத் தலா 2. எஞ்சினுக்கு 1. மொத்தம் 14. அதில் 8 தேறினால் வண்டி தன் பழைய பதிவெண்ணோடு ஓடலாம். தேறாவிட்டால், சட்டத்தின் பார்வையில் அது வேறு வண்டி.

வண்டிக்கு உயிர் எது என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் எஞ்சின் என்பார்கள். ஸ்வான்சீ குமாஸ்தாவோ அதற்கு எல்லாவற்றையும்விடக் குறைந்த மதிப்பெண் போட்டார். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இரண்டு ஆக்சில்களையும் கழற்றி வீசிவிட்டு வேறு மாட்டினாலும் 9 புள்ளி மிஞ்சும். வண்டி பழைய வண்டியே. கூடவே சஸ்பென்ஷனையும் மாற்றினால் 7. அந்த ஸ்பிரிங்குகளோடு பழைய வண்டி போய்விட்டது என்று பொருள். எத்தனை மாறினால் ஒன்று வேறொன்றாகும்? இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தத்துவவாதிகள் முடிக்காத வழக்கு இது. அலுவலகம் கூட்டல் கணக்கில் தீர்ப்பெழுதிவிட்டது.

இந்த வழக்கு நடப்பது பெரும்பாலும் வீட்டுக் கொட்டகைகளில். லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. அப்போது அதில் இருந்தது 1.6 லிட்டர் எஞ்சின். திறன் 50 குதிரை. 1958-இல் வந்த இரண்டாம் வரிசையில் 2.25 லிட்டர் எஞ்சின் ஏறியது. 1985 வரை உற்பத்தியான மூன்றாம் வரிசையிலும் பெரும்பாலான வண்டிகளுக்கு அதுவே கதி. சேற்றிலும் பாறையிலும் நிதானமாக ஏறும் வண்டி, நெடுஞ்சாலையில் ஒரு மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கும். 1989-இல் டிஸ்கவரி என்ற புது மாடலோடு 2.5 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின் ஒன்று வந்தது. பெயர் 200டிடிஐ, திறன் 111 குதிரை. பிரிட்டிஷ் மழையிலும் சாலை உப்பிலும் டிஸ்கவரியின் உடம்பு துருப்பிடித்து உதிர்ந்தது, எஞ்சின் கெடவில்லை. காயலான் கடைக்குப் போகும் டிஸ்கவரியின் எஞ்சினை இறக்கி, பழைய லேண்ட் ரோவரில் ஏற்றுவது வீட்டு மெக்கானிக்குகளின் வழக்கமான வேலையாகிவிட்டது.

வேலை கேட்பதற்கு எளிது. முன்பக்க ரேடியேட்டர் சட்டத்தைக் கழற்றி, செயின் பிளாக்கைப் போட்டுப் பழையதைத் தூக்கி எடுக்க வேண்டும். புதியது பழைய எஞ்சின் குடும்பத்திலிருந்தே வளர்ந்தது என்பதால், பெல் ஹவுசிங்கில் சில ஸ்டட்களை இடம் மாற்றினால் பழைய கியர்பாக்ஸோடு பொருந்திவிடும். தொல்லை அதற்குப் பிறகு. டிஸ்கவரி எஞ்சினில் டர்போ தாழ்வாக இருப்பதால் சேஸிஸ் சட்டத்தோடு இடத்துக்குச் சண்டை போடும். ரேடியேட்டர் குழாய்கள் திசை மாறியிருக்கும். வண்டியின் டிஃப்பரென்ஷியல் விகிதம் 4.7, வேகமாகச் சுற்றும் பெட்ரோல் எஞ்சினுக்காக வைத்தது. மெதுவாகச் சுற்றி வலுவாக இழுக்கும் டீசலுக்கு அது சரிப்படாது. ஆகவே ரேஞ்ச் ரோவரிலிருந்தோ டிஸ்கவரியிலிருந்தோ 3.54 விகித டிஃப்பரென்ஷியலைத் தேட வேண்டும். அதைப் போட்டால் நெடுஞ்சாலையில் சுகம். ஆனால் செங்குத்துப் பாறையில் ஊர்ந்து ஏறும் நிதானம் கொஞ்சம் குறையும். முறுக்கு விசை கூடியதால் பின் ஆக்சில் ஷாஃப்ட் ஒடியலாம். வேகம் கூடியதால் நான்கு சக்கரத்திலும் உள்ள டிரம் பிரேக் போதாமல் போகலாம்.

ஒன்றை மாற்றப் போனவரிடம் மற்ற எல்லா உறுப்புகளும் ஒவ்வொன்றாக வந்து கணக்குக் கேட்கின்றன. தத்துவ நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் ஒரு விஷயத்தை இந்தக் கொட்டகை விரல் நகத்துக் கிரீஸோடு கற்றுத்தருகிறது.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசர் மெனாண்டர். அவருடைய தலைநகர் சாகலம் இன்றைய பாகிஸ்தானின் சியால்கோட் என்று கருதப்படுகிறது. அவருக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடலே மிலிந்த பன்ஹ என்ற பாலி நூல். ‘நாகசேனர் என்பது வெறும் பெயர், அப்படி ஓர் ஆள் இல்லை’ என்று பிக்கு சொல்ல, அரசர் மடக்குகிறார். பிக்கு திருப்பிக் கேட்கிறார்: எதில் ஏறி வந்தீர்கள்? தேரில். ஏர்க்கால் தேரா? அச்சு தேரா? சக்கரம் தேரா? எதுவும் இல்லை. எல்லாவற்றையும் குவித்துப் போட்டால் தேரா? அதுவும் இல்லை. இவை இயைந்து நிற்கும்போது வழக்கில் இடும் பெயர்தான் தேர் என்று அரசரே ஒப்புக்கொள்கிறார். அப்படியே உயிரும் என்கிறார் பிக்கு.

எஞ்சின் மாற்றிய லேண்ட் ரோவரைப் பார்த்தால் நாகசேனருக்கு வியப்பு இருக்காது. வண்டி என்பது உறுப்புகளின் உறவு. ஓர் உறவு மாறினால் மற்றவை இடம் மாறிக்கொள்ளும். 3.54 டிஃப்பரென்ஷியல் தேவைப்பட்டதே அவர் கட்சிக்குச் சாட்சி.

ஆனால் இந்திய மரபில் இன்னொரு தேரும் ஓடுகிறது. கடோபநிடதத்தில் உடல் தேர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள்; உள்ளே அமர்ந்து செல்பவர் ஆன்மா. இங்கே தேரின் உறுப்புகளை எத்தனை முறை மாற்றினாலும் கேள்வி எழாது. பயணி மாறவில்லை அல்லவா? இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. குதிரைகள் வலுத்தால் அங்கே தேர் பாராட்டப்படுவதில்லை. கடிவாளமும் சாரதியும் அதற்கு ஈடுகொடுக்கிறார்களா என்பதே கவலை. 111 குதிரைகளைக் கொண்டுவந்து 1960-களின் டிரம் பிரேக்கின் முன்னால் கட்டுபவருக்கும் அதே கவலை உண்டு.

ஒரே உவமையிலிருந்து நேர் எதிரான இரண்டு முடிவுகள். தேருக்குள் யாரும் இல்லை என்கிறது ஒன்று. உள்ளே இருப்பவரே எல்லாம் என்கிறது மற்றது. தமிழ்நாட்டில் இந்தச் சண்டை காவியமாகவே நடந்தது. மணிமேகலை பௌத்தத்தின் பக்கம் நின்றது. நீலகேசி என்ற சமண நூலின் நாயகி ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர்களை வாதுக்கு இழுத்தாள். சமணரின் நிலை இந்த இரண்டுக்கும் நடுவிலானது: எந்தப் பொருளிலும் தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒருசேர நடக்கின்றன. பொன் குடத்தை உருக்கி முடி செய்தால் குடம் அழிகிறது, முடி பிறக்கிறது, பொன் நிற்கிறது. எனவே ‘அதே பொருள்தான்’ என்பதும் ‘வேறு பொருள்’ என்பதும், எந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறோம் என்பதைச் சேர்த்துச் சொன்னால், இரண்டும் உண்மை.

ஸ்வான்சீயின் 14 புள்ளிகள் இந்த நடுவழிக்குத்தான் கிட்டத்தில் வருகின்றன. இன்னும் நுணுக்கமான ஒரு விதியும் அங்கே உண்டு. 40 ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு கிடைக்கும். கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. எது பெரிய மாற்றம்? 2018-இல் வந்த வழிகாட்டுதலின்படி, அதே அடிப்படை எஞ்சினின் கொள்ளளவு கூடுவது பெரிய மாற்றம் அல்ல. சிலிண்டர்களின் எண்ணிக்கை வேறுபட்டால் சந்தேகம் தொடங்கும். பழைய 2.25-க்கு நான்கு சிலிண்டர், 200டிடிஐக்கும் நான்கு. அதே இடத்தில் ரோவர் வி8 எஞ்சினைப் போட்டால் எட்டு. அந்த வி8-க்கு ஒரு முற்பிறப்பும் உண்டு: அமெரிக்காவின் ப்யூக் கார்களுக்காக உருவானது, உரிமையை ரோவர் 1965-இல் வாங்கியது.

கிரேக்கர்களும் இதே சிக்கலில் மாட்டியவர்கள்தாம். தீசியஸ் சென்று திரும்பிய கப்பலை ஏதென்ஸ்காரர்கள் காத்துவந்தார்கள். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். அது பழைய கப்பலா இல்லையா என்று தத்துவவாதிகள் இரு கட்சியானார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். 1655-இல் தாமஸ் ஹாப்ஸ் அதில் ஒரு முடிச்சைக் கூடுதலாகப் போட்டார்: கழற்றிய பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால்?

ஹாப்ஸின் முடிச்சு பழைய வண்டிச் சந்தையில் தினமும் அவிழ்கிறது. எஞ்சினை இறக்கிவைத்தவர் அதைச் சும்மா விடுவதில்லை. தொழிற்சாலை பதித்த எண்ணும் வண்டி ஆவணமும் ஒத்துப்போக வேண்டும் என்று தேடும் சேகரிப்பாளர்கள் உண்டு. ஸ்வான்சீ 1 புள்ளி போட்ட அதே இரும்பு, அவர்களிடம் வண்டியின் விலையையே தூக்கிவிடும். ஓட்டுவதற்காக வாங்குபவருக்கோ அது மேட்டில் திணறும் பழைய சுமை.

டார்ஜிலிங் மலையில் இந்தக் கேள்விக்கு யாரும் நேரம் ஒதுக்கவில்லை. மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூவுக்கு ஏறும் பாதையில், தேயிலைத் தோட்டத் துரைமார் காலத்து லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாகப் பயணிகளைச் சுமந்துவருகின்றன. பலவற்றில் இப்போது இருப்பது மகிந்திரா டீசல் எஞ்சின். உதிரிப் பாகம் இங்கிலாந்திலிருந்து வரும் வரை காத்திருக்க அந்த ஓட்டுநர்களுக்கு வசதியில்லை. கிடைத்ததை உள்ளூர்ப் பட்டறையில் பொருத்திக்கொண்டார்கள். ஊருக்கு அவை லேண்ட் ரோவர்களே. ஒரே பாதையில், ஒரே பாரத்தோடு, ஒரே வேலையைச் செய்துவரும் தொடர்ச்சி அவர்களுக்குப் போதும்.

இந்தியச் சட்டம் இதைவிடக் கறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சான்றிதழில் சேஸிஸ் எண்ணும் உண்டு, எஞ்சின் எண்ணும் உண்டு. பெரிய எஞ்சினை ஏற்ற நினைப்பவர் பட்டறையைத் தேடும் முன் இதைப் படிப்பது நல்லது.

சட்டம் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறது? வண்டியின் சாரம் எது என்று அறியும் ஆர்வத்தாலா? மிலிந்த பன்ஹவில் வரும் மாம்பழத் திருடன் இங்கே உதவுகிறான். ‘இவர் நட்டது ஒரு கொட்டை, நான் பறித்தது வேறு பழம், எனவே திருட்டு இல்லை’ என்று அவன் வாதிட்டால் ஏற்பீர்களா என்று நாகசேனர் கேட்கிறார். மாட்டேன் என்கிறார் அரசர். அந்தப் பழம் வந்தது இந்தக் கொட்டையைச் சார்ந்துதானே. நிலையான ஆள் ஒருவர் உள்ளே இல்லை என்று சொன்ன அதே பிக்கு, பொறுப்பிலிருந்து யாரையும் நழுவவிடவில்லை. ‘அதே ஆளா?’ என்று நாம் கேட்கும்போதெல்லாம் ‘யார் பதில் சொல்வது?’ என்பதையே பாதிக்குமேல் கேட்கிறோம். பிரேக் பிடிக்காமல் வண்டி ஒருவர் மேல் மோதினால், அது தீசியஸின் கப்பலா என்று காவலர் கேட்கப்போவதில்லை. எஞ்சினை மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொன்னீர்களா என்பதே கேள்வி.

சைவ சித்தாந்தி இதற்கு எளிதில் மசியமாட்டார். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டென்று நிறுவுவது. அதிலுள்ள ஒரு காரணம் இது: என் உடல் என்கிறோம்; அப்படியானால் உடலை உடைமையாகக் கொண்ட ஒருவர் உடலுக்கு வேறாக இருக்க வேண்டும். எல்லாம் கணந்தோறும் அழிந்து பிறக்குமென்றால் செய்தவர் ஒருவர், பயன் நுகர்பவர் இன்னொருவர் ஆகிவிடுமே என்பது பௌத்தரை நோக்கிப் பிற சமயத்தார் தொடர்ந்து கேட்டது. உடைமையாளர் இல்லாமல் பொறுப்பு எப்படி என்பதுதான் அதன் சாரம். மாம்பழத் திருடன் கதைக்கும் இதே எதிர்ப்பு பொருந்தும்: பழம் கொட்டையைச் சார்ந்தது என்பது சரி, தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்ததால்தானே அது திருட்டாயிற்று?

இந்த எதிர்ப்புக்கு வலு உண்டு. ஆனால் ஸ்வான்சீ அனுப்பும் பதிவு ஆவணம் அதைத் தாண்டி நிற்கிறது. சேஸிஸ் எண், எஞ்சின் எண், கொள்ளளவு எல்லாம் அதில் உண்டு. எஞ்சின் மாறினால் எழுதித் தெரிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். கூடவே ஒருவரின் பெயரும் உண்டு. அவர் வண்டியின் உரிமையாளர் என்பதற்கு இது சான்றல்ல என்று அந்தத் தாளே சொல்லிவிடுகிறது. பெயரில் உள்ளவர் வண்டியை வைத்திருப்பவர். வரிக்கும் அபராதச் சீட்டுக்கும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர். சொந்தக்காரர் யார் என்ற வழக்கைத் தொடாமலேயே பொறுப்பை மட்டும் ஓர் ஆளோடு முடிச்சுப் போட முடியும் என்று அந்தத் தாள் காட்டுகிறது. மெய்கண்டார் வழியினர் இதை ஏற்கமாட்டார்கள். பொறுப்பேற்ற அந்த ஒருவர் யார் என்று மறுபடியும் தொடங்குவார்கள்.