ஆற்றில் எறிந்தது யார் கணக்கில்?



கடற்பயணம் செய்யும் ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களின் சமூகம் வந்து, குடிநீர் கொஞ்சமாகவே கொண்டு செல்கிறோம், கடல்நீரில் ஒளு செய்யலாமா என்று கேட்டார். அதன் நீர் தூய்மைப்படுத்த வல்லது என்றும், அதில் செத்ததும் ஆகுமானதே என்றும் அண்ணலார் விடையளித்தார்கள். கேட்டது ஒன்று, கிடைத்தது இரண்டு. தண்ணீரோடு உணவையும் சேர்த்தே அருளினார்கள்.

இந்த ஹதீஸைப் பிடித்துக்கொண்டே நம்மிடம் வாதிடுவோர் உண்டு. பிளாஸ்டிக் நஜீஸ் அல்லவே, ஓடும் தண்ணீர் அதனால் அசுத்தமாவதில்லையே, கந்தூரிக் குப்பையைப் பாளையங்கால்வாயில் தள்ளினால் என்ன குற்றம் என்கிறார்கள். அந்நீரில் ஒளு கூடுமா என்பது வேறு மஸ்அலா. கண்ணாடித் துண்டும் நஜீஸ் அல்லதான். அதற்காக அதைப் பாதையில் போடுவோமா? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக வைத்த மார்க்கம் நம்முடையது. ஆறும் ஒரு பாதைதான். அதன் மறுமுனையில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. அண்டையில்தான் நம் காயல்பட்டினம். 21 தீவுகளையும் பவளப் பாறைகளையும் கடற்புல் வெளிகளையும் கொண்ட அவ்வளைகுடாவை 1986-ல் அரசு தேசியப் பூங்காவாக அறிவித்தது. கடற்பசு மேயும் இடம் அது. நெல்லையில் கால்வாயிலும் ஆற்றிலும் விழும் பை அங்கே போய்ச் சேர அவசரப்படுவதில்லை. மதகில் தங்கும், முள்ளில் மாட்டும், அடுத்த வெள்ளத்துக்குக் காத்திருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட வெள்ளம் பல வருடத்துக் குப்பையை ஒரே மூச்சில் கடலில் கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறது.

கடலில் மிதக்கும் பையைச் சொறிமீன் என்று எண்ணி ஆமை விழுங்குகிறது. குடல் அடைத்துச் சாகிறது. மற்றவை வெயிலிலும் அலையிலும் நொறுங்கி நொறுங்கித் தூளாகின்றனவே தவிர, மண்ணோடு மண்ணாவதில்லை. தூத்துக்குடிக் கரையோரச் சிப்பிகளின் உடலிலும், அங்கே விளையும் உப்பிலும் இத்துகள்களை ஆய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். அந்த உப்பு நம் வீட்டு ஆணத்திலும் விழுகிறது. கரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றுவது மனிதக் கரங்களின் சம்பாத்தியத்தால்தான் என்றும், மக்கள் திரும்ப வேண்டுமென்றே அதில் சிறிதளவை இறைவன் சுவைக்கச் செய்கிறான் என்றும் ஸூரா ரூமின் 41-வது ஆயத் உணர்த்துகிறதே!

இனி நம்மை அதிகம் அச்சுறுத்துவதைச் சொல்லிவிடுகிறோம். புன்னைக்காயலில் வலை வீசுகிறவர் பெரும்பாலும் கிறிஸ்தவச் சகோதரர். நாம் அவர் முகம் பார்த்ததில்லை. அவர் வலையில் மீனுக்குப் பதில் பாலிதீன் வந்தால், போனது அவர் குழந்தைகளின் ஒருவேளைச் சோறு. இது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அவன் தவ்பாவால் மன்னிப்பான்; அடியானுக்குச் செய்ததற்கு அந்த அடியானின் பொருத்தமும் வேண்டும். தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் சுமந்து வந்தவன், தான் துன்புறுத்தியவர்களுக்கு நன்மைகளையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு மறுமையில் ஓட்டாண்டியாக நிற்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் தெருத்தெருவாகப் போய்ப் பொருத்தம் கேட்கிறார். புன்னைக்காயலுக்கு யார் போகிறார்?

நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நின்ற வழக்கம் நம் ஊர்களில் இருந்ததுதானே! கொதிக்கும் கஞ்சியைப் பையில் ஊற்றி முடிச்சுப் போடுவது எங்கிருந்து வந்ததோ! தூக்குவாளி கொண்டு வராதவருக்குக் கஞ்சி இல்லை என்று பள்ளி நிர்வாகம் ஒரே ஒரு ரமளானில் உறுதியாக நிற்கட்டும். மறுநாளே வாளி வந்துவிடும். குர்பானி இறைச்சிக்குப் பனையோலைப் பெட்டி இருக்கிறது. வலீமாவுக்கு எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கிறது. கழுவ ஆள் வைக்கும் செலவு, மேடை அலங்காரச் செலவுக்கு முன் ஒன்றுமேயில்லை. பத்தமடையில் நம்மவர் கோரையில் நெய்யும் பாயை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் பிளாஸ்டிக் பாய் வாங்குவோரிடம் நமக்குத் தனியே ஒரு வருத்தம் உண்டு, அது கிடக்கட்டும். பைகளையும் டம்ளர்களையும் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி விடுவதைவிட ஹக்குக்கு அஞ்சி விடுவதே முஃமினுக்கு அழகு.

ஏற்கெனவே போய்விட்டதற்கு என்ன செய்வது? உரியவர் இன்னாரென்று தெரியாத பொருளை அவர் பெயரில் தர்மம் செய்துவிடும்படி மார்க்க மேதைகள் வழி சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்து நாம் சொல்வது இது: பிசான அறுவடை முடிந்து, காருக்குத் தண்ணீர் திறக்குமுன் கால்வாய் வற்றிக் கிடக்கும். அந்த நாட்களில் ஒவ்வொரு முஹல்லாவும் தன் எல்லையிலுள்ள கால்வாயில் இறங்கி, கிடப்பதை அள்ளிக் கரையேற்றட்டும். அள்ளியதை எரிக்க வேண்டாம். அந்தப் புகை அடுத்த வீட்டாரின் ஹக்கில் கை வைக்கும். மாநகராட்சி வண்டியில் ஏற்றிவிடுங்கள். புன்னைக்காயல்காரரின் பங்காக நிய்யத் வைத்துக்கொள்ளுங்கள்.