வெறிகொண்டவர்கள் யார்?



ஸ்பெயின் தேசத்தின் வடக்கே, லா ரியோகா என்ற மாகாணத்தில் ஹாரோ என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் திராட்சத்தோட்டங்கள். வருஷந்தோறும் ஜூன் 29-ம் தேதி அங்கே ஒரு திருவிழா நடக்கிறது. அதற்குப் பேரே திராட்சரச யுத்தம்! வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்டு, கழுத்திலே சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, ஜனங்கள் காலையிலேயே ஊருக்கு வெளியே நம்ம கோட்டைப் பாறை மாதிரி இருக்கிற ஒரு மலைக்கு ஏறுகிறார்கள். மேலே ஒரு சிற்றாலயம். முதலில் பூசை. பூசை முடிந்ததும் வாளி, தோல் பை, வயலுக்கு மருந்தடிக்கிற பம்பு, எதில் கொண்டுவந்தார்களோ அதிலிருந்து சிவப்பு மதுவை ஒருவர்மேல் ஒருவர் கொட்டுகிறார்கள். இறங்கி வரும்போது வெள்ளை உடுப்பெல்லாம் கத்தரிக்காய் நிறம். இதற்காகவே அயல்தேசங்களிலிருந்து டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அந்த நாள் யாருடைய பெயரால் கொண்டாடப்படுகிறது தெரியுமா? அப்போஸ்தலனாகிய பேதுருவின் பெயரால்!

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தேவ ஜனமே, நம்ம திருமயத்திலிருந்தும் வேன் புறப்படுகிறதே!

ஸ்பெயினுக்கு அல்ல, காரைக்காலுக்கு. சம்பளம் வாங்கின சனிக்கிழமை ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம், நாகூர். நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர். தமிழ்நாடு அங்கே முடிகிறது, அதற்கப்பால் புதுச்சேரி ஆட்சி. சாராய வரி குறைவு, விலையும் குறைவு. இது இன்று நேற்று வந்த பயணமல்ல. நம்ம புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த அதே 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. காரைக்காலோ 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில். அப்போதே எல்லை தாண்டிப் போனவர்கள் உண்டு. பிறகு 1971-ல் இங்கே கடை திறந்தது, 1974-ல் மூடியது, 1981-ல் மறுபடி திறந்தது. 2003 முதல் அரசாங்கமே சில்லறைக் கடை நடத்துகிறது. பக்கத்திலேயே கடை வந்தும் வேன் நிற்கவில்லையே, ஏன்? விலை மிச்சம் என்கிறார்கள். வேன் வாடகையைக் கூட்டிப் பாருங்கள், மிச்சம் எங்கே?

அந்தக் கேள்விக்குப் பதிலை ஒரு தம்பி எனக்குச் சொன்னார். கொத்தனார் வேலை பார்க்கிறவர். ஞானஸ்நானம் எடுத்தவர். கொஞ்ச காலமாக ஆராதனைக்கு வரவில்லை. ஒருநாள் அவருடைய மனைவி அழுதுகொண்டு வந்தார்கள். "ஐயா, ரெண்டு நாள் கழிச்சு வந்தாரு, ஒரு மாசக் கூலி போச்சு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வச்சிருந்த பணமும் போச்சு" என்றார்கள். உடனே வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போனேன். நீதிமொழிகள் 23-ம் அதிகாரத்தைத் திறந்து, மது முதலில் மெதுவாய் இறங்கும், முடிவில் பாம்பாய்க் கடிக்கும் என்று கண்டித்துப் பேசினேன். தம்பி தலை குனிந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஐயா, நான் குடிக்கிறதுக்காகப் போகலை. அவங்க எனக்கு ஒரு சீட்டுப் போட்டு வச்சிருந்தாங்க. வாசல்ல வந்து ஹாரன் அடிச்சாங்க. மூணு மாசமா நான் சபைக்கு வரலை, அப்ப யாராச்சும் என் வாசலுக்கு வந்தீங்களா?"

பிரியமானவர்களே, என் வாயில் வசனம் வரவில்லை. மூன்று மாதமாக அவருடைய இடம் காலியாயிருந்தது. நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். குடி பாவம் என்று நான் சொன்னதில் ஒரு எழுத்தும் மாறாது. ஆனால் பிசாசானவன் ஹாரன் அடித்துக் கூப்பிடுகிறான், மேய்ப்பன் மைக்கில் கூப்பிடுகிறேன்!

பெந்தெகொஸ்தே நாளை நினைத்துப் பாருங்கள் (அப். 2). எருசலேமும் அன்று திருவிழா ஊர்தான். பல தேசத்தார் பயணம் செய்து வந்திருந்தார்கள். பரிசுத்த ஆவியினால் நிறைந்தவர்களைப் பார்த்துச் சிலர், இவர்கள் மது குடித்திருக்கிறார்கள் என்று பரியாசம்பண்ணினார்கள். அப்போது எழுந்து நின்றவன் யார்? பேதுரு! இது மூன்றாம் மணி வேளை, அதாவது காலை ஒன்பது மணிதானே, இவர்கள் குடித்தவர்கள் அல்ல என்றான். ஹாரோவில் அவன் பெயரைச் சொல்லிக் குடிக்கிறதும் காலை வேளைதான், அதை என்ன சொல்ல! சரி, ஹாரோ இருக்கட்டும். திருமயத்தில் நம்மைப் பார்த்து யாராவது அப்படிச் சந்தேகப்பட்டதுண்டா? சவுண்ட் பாக்ஸ் சத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நம் சந்தோஷத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த அதிகாரத்தின் கடைசியிலே பாருங்கள், அந்த விசுவாசிகள் வீடுவீடாய்ப் போய் மகிழ்ச்சியோடு சேர்ந்து சாப்பிட்டார்கள். நாம் ஆராதனை முடிந்ததும் செருப்பைத் தேடுகிறோம்.

அதே பேதுரு வயதான காலத்தில் எழுதின முதலாம் நிருபம் 4-ம் அதிகாரத்தில், குடியிலும் களியாட்டிலும் கழித்த காலம் போதும் என்கிறான். நீங்கள் கூட வரவில்லையே என்று பழைய சிநேகிதர் ஆச்சரியப்பட்டுத் தூஷிப்பார்கள் என்றும் சொல்கிறான். நான் எத்தனையோ முறை அங்கே பிரசங்கத்தை முடித்திருக்கிறேன். 9-ம் வசனம் வரை போனதில்லை. அங்கே முறுமுறுக்காமல் ஒருவரையொருவர் உபசரிக்கும்படி எழுதியிருக்கிறது.

இதை எழுத அந்தத் தம்பியிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க ஐயா, பேரு மட்டும் போடாதீங்க" என்றார். வருகிற சனிக்கிழமை வேன் மறுபடி போகிறதாம். சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் வந்து நிற்குமாம். ஆகவே ஐந்து மணிக்கே நான் அங்கே போகிறேன். பெரிய கூட்டம் வேண்டாம், மைக் வேண்டாம். மோட்டார் சைக்கிள் உள்ள சகோதரர் இரண்டு பேரும், ஒரு சட்டி குழம்பு வைத்துத் தர மனதுள்ள சகோதரி ஒருவரும் போதும். வீடு எதுவென்று என்னிடம் தனியாகக் கேளுங்கள்.