மூக்கைத் திருத்திக்கொள்வதா?

என் மூக்கின் இடது துளை வலதைவிடச் சிறியது. அண்ணாந்து பார்த்தால் வலது துளை நன்றாக விரிந்திருக்கும். இடது ஒடுங்கி, சற்று மேலேறி நிற்கும். எதிரே உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்ட நாளிலிருந்து எந்தப் புகைப்படத்தைக் கையில் எடுத்தாலும் கண் முதலில் போவது அங்கேதான். அறுவை செய்து சரிசெய்துகொள்ளலாமா என்ற யோசனை பல வருடங்கள் மனதில் கிடந்தது. கையில் பணம் சேர்ந்த பிறகு அதற்கு மேலும் தள்ளிப்போட முடியவில்லை.

வாயைத் திறந்து சொன்னதுமே இரண்டு விதமான பதில்கள் வந்தன. "ஆண்டவன் குடுத்த மூக்குல போய் யாராச்சும் கத்தி வைப்பாங்களா?" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். "உன் உடம்பு, உன் காசு, பண்ணிக்கோடி" என்றார்கள் தோழிகள். இரண்டும் அன்பில் வந்தவைதான். இரண்டுமே என் கேள்விக்குப் பதிலாகவில்லை.

பெரியவர்கள் சொல்வதை எடுத்துக்கொள்வோம். பெற்ற உருவத்தை அப்படியே விட்டுவைக்கிற வழக்கம் நம்மிடம் என்றைக்கு இருந்தது? பிறந்த குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் பாட்டிமார் தலையை உருட்டிவிடுவார்கள், தாடையைப் பிடித்துவிடுவார்கள், மூக்கை இரண்டு விரலால் நீவி நீவி எடுப்பார்கள். பெண் குழந்தை என்றால் இன்னும் நாலு முறை கூடுதலாக. என் அத்தை பேத்திக்கும் அதுதான் நடந்தது. "பொம்பளப் புள்ளைக்கு மூக்கு எடுப்பா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே நீவினார்கள். மூக்கின் வடிவம் எலும்பையும் குருத்தெலும்பையும் பொறுத்தது, பெரும்பாலும் பரம்பரையில் வருவது. குளிப்பாட்டும்போது நீவுவதால் அது மாறுவதில்லை. கூடவே மூக்கில் எண்ணெய் விடுவதும் ஊதுவதும் குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. பிறந்த சில நாட்களிலேயே ஒரு பெண்ணின் மூக்கைத் திருத்தத் தொடங்கிவிடுகிறோம். பிறகு மூக்குத்தி குத்தும்போது பேச்சு, பெண் பார்க்க வரும்போது பேச்சு. இத்தனையும் கேட்டு வளர்ந்த பெண் ஒருநாள் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டால் மட்டும் ஆண்டவன் பெயரைச் சொல்லி அவள் வாயை அடைப்பது நியாயமில்லை.

தோழிகள் சொன்னதிலும் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. உடம்பு என்னுடையது, சரி. அதில் குறை கண்ட கண் என்னுடையதுதானா? யோசித்துப் பார்த்தால், அந்த வித்தியாசத்தை நான் முதலில் கவனித்தது கைபேசியில் நானே எடுத்த படம் ஒன்றில். கையை நீட்டி மிக அருகில் எடுக்கும் படத்தில், கேமராவுக்கு எது அருகே இருக்கிறதோ அது பெரிதாக விழும். முகத்தில் முன்னால் இருப்பது மூக்கு. 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள்: ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், ஓரடி தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பாகம் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. நான் அத்தனை நாளும் பார்த்து வருந்திய மூக்கை என்னோடு பேசுகிற யாரும் பார்த்ததே இல்லை.

கண்ணாடி விஷயமும் உண்டு. கண்ணாடியில் நாம் பார்த்துப் பழகியது இடம் வலம் மாறிய முகம். மற்றவர்கள் பார்ப்பது மாறாத முகம். 1977இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வில், பெண்களிடம் அவர்களுடைய படத்தை இரண்டு விதமாகவும் அச்சிட்டுக் காட்டியபோது அவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணாடி முகம் பிடித்தது. அவர்களின் நெருங்கிய தோழிகளுக்கு மற்ற முகம் பிடித்தது. பழகியதுதான் பிடிக்கிறது. படத்தில் என் மூக்கு எனக்கு அந்நியமாகப் பட்டதற்கு இதில் பாதி விளக்கம் கிடைத்துவிட்டது.

இதனால் எல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. மூக்கைச் சரிசெய்துகொள்ளும் ஆசையை வெறும் அலங்கார மோகம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த அறுவையின் வரலாறே அவமானத்தைத் துடைத்த வரலாறு. மூக்கை அறுப்பது இந்த நாட்டில் உயிரை விட்டுவைத்து மானத்தைப் பறிக்கிற தண்டனையாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் படை திருமலை நாயக்கரின் மதுரை நாட்டுக்குள் புகுந்து கண்டவர்களின் மூக்கையெல்லாம் அறுத்ததால் அந்தப் போருக்கே மூக்கறுப்புப் போர் என்று பெயர். மூக்கு போனவருக்கு மூக்கைத் திருப்பிக் கொடுக்கும் கைவினையும் இங்கேதான் இருந்தது. சுசுருத சங்கிதை அதன் முறையைச் சொல்கிறது. 1792 போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கை இழந்தார். பூனா பக்கத்தில் பரம்பரையாக இதைச் செய்துவந்த ஒருவர், அவருடைய நெற்றித் தோலை மடக்கி இறக்கிப் புது மூக்கு வைத்துக் கொடுத்தார். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இந்தச் செய்தி படத்தோடு வந்தது. அதைப் படித்த கார்பியூ என்ற ஆங்கில மருத்துவர் 1814இல் லண்டனில் அதே முறையைச் செய்து பார்த்தார். நெற்றித் தோல் முறையை உலகம் இன்றும் இந்திய முறை என்றே அழைக்கிறது.

அடுத்த திருப்பம் நடந்தது பெர்லினில். 1898இல் யாக்கோப் யோசெஃப் என்ற மருத்துவர், பெரிய மூக்கால் வெளியே தலைகாட்டக் கூசிய ஓர் இளைஞருக்கு அறுவை செய்தார். அந்த மூக்கில் நோய் எதுவும் இல்லை. மூச்சு நன்றாகத்தான் இருந்தது. மனத்தின் வேதனையும் மருத்துவர் கவனிக்க வேண்டியதுதான் என்பது யோசெஃபின் வாதம். அதற்கு முன்பே, துருத்திய காதுள்ள ஒரு சிறுவனுக்கு அறுவை செய்ததற்காக அவர் வேலையை இழந்திருந்தார். அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். அதே சமயம், அவரைத் தேடிவந்தவர்களில் பலர் யூதர்கள், மூக்கை வைத்துத் தங்களை யாரும் அடையாளம் காணக்கூடாது என்று விரும்பியவர்கள் என்பதையும் மறக்க முடியவில்லை. ஊரின் வெறுப்புக்கு அவர்கள் முகத்தில் கத்தி பட்டது. வேதனை உண்மை, சிகிச்சையும் உண்மை. ஆனாலும் நோய் அவர்கள் மூக்கில் இல்லை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் முதலில் கேட்டது அழகைப் பற்றி அல்ல. "மூச்சு எப்படி இருக்கு? ராத்திரி வாயைத் திறந்துட்டுத் தூங்குறீங்களா? சின்ன வயசுல விழுந்து மூக்குல அடி பட்டிருக்கா?" சிறு குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு துளைகளுக்கும் நடுவில் இருக்கும் தண்டு முன்பக்கம் இடதுபுறமாக வளைந்திருக்கிறது என்றார். மூக்குத் தண்டு வளைவு என்று நாம் சாதாரணமாகச் சொல்வதுதான். தண்டு கொஞ்சமும் வளையாத மூக்கு அபூர்வம் என்றும் சொன்னார்.

இடது பக்கம் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்றேன். அதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு துளைகளிலும் எப்போதும் சமமாக மூச்சு ஓடுவதில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய சதை ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் வடிந்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. நம் சித்தர் மரபில் சரம் பார்ப்பவர்கள் இடகலை, பிங்கலை என்று எந்த நாசியில் மூச்சு ஓடுகிறது என்று நூற்றாண்டுகளுக்கு முன்பே கவனித்துவந்தார்கள். ஐரோப்பிய மருத்துவம் இதைப் பதிவு செய்தது 1895இல். கொஞ்ச நாள் நானும் கவனித்துப் பார்த்தேன். வலதும் அதேபோல அடைத்துத் திறக்கிறது. இடதை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்ததால் அது தெரியாமல் போயிற்று. மூச்சைப் பொறுத்தவரை எனக்கு அறுவை தேவையில்லை.

மிஞ்சியது தோற்றம். அதற்கு என்ன செய்வார்கள் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். முழு மயக்கம் கொடுத்து, வளைந்த தண்டைப் பிரித்து நடுவில் நிறுத்த வேண்டும். நுனிக் குருத்தெலும்பைத் தையல் போட்டு இழுக்க வேண்டும். போதாவிட்டால் தண்டிலிருந்தோ காதிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து முட்டுக்கொடுக்க வேண்டும். சிலருக்கு மூக்கு மடலின் அடியில் சிறிது வெட்டித் தைப்பதும் உண்டு. ஒரு வாரம் போல மேலே கட்டு, கண்ணைச் சுற்றிக் கன்றல். நுனியின் வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம் ஆகலாம். அதுவரை எது முடிவான வடிவம் என்று சொல்ல முடியாது. ஆறும்போது உள்ளே உருவாகும் தழும்பு தன் போக்கில் இழுக்கும். சிலர் மறுபடியும் அறுவைக்கு வர நேரிடும். கடைசியாக அவர் சொன்னதுதான் முக்கியம். "ரெண்டும் ஒண்ணுபோல ஆக்கித் தர்றேன்னு எந்த சர்ஜன் சொன்னாலும் நம்பாதீங்கம்மா. வித்தியாசத்தைக் குறைக்கலாம். இல்லாமப் பண்ண முடியாது."

வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்தது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். அறுவைக்குப் பின்னும் ஒரு வித்தியாசம் மிச்சமிருக்கும் என்றால், அந்த மிச்சத்தோடு என்னால் நிம்மதியாக இருக்க முடியுமா? முடியாது என்றால் அறுவை எனக்கு எதையும் தராது. இப்போது இடது துளையைத் தேடும் கண் அப்போது தழும்பைத் தேடும், ஒரு மில்லிமீட்டரைத் தேடும். மருத்துவர்கள் அஞ்சுவதும் இதைத்தான். பிறர் கண்ணுக்குப் படாத குறையை நாள் முழுதும் கண்ணாடியில் தேடி வாடுவது ஒரு மனநோயாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கிறது; அந்த நிலையில் இருப்பவருக்குக் கத்தி நிம்மதி தருவது அரிது, மனநல சிகிச்சையே தரும். சரி, மிச்சத்தோடு இருக்க முடியும் என்றால்? அப்படியானால் இப்போது இருக்கும் வித்தியாசத்தோடும் இருக்க முடியும். அப்போது அறுவை வேண்டியதில்லை என்று ஆகாது. ஆனால் அவசரம் போய்விடுகிறது. செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி என்று சொல்ல முடிகிறவருக்குத்தான் இந்த அறுவை பொருந்தும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இதுதான்.

இதை எல்லோருக்குமான விதியாக நீட்ட மாட்டேன். உதடு பிளந்து பிறந்த குழந்தைக்கு அந்தப் பக்கத்து மூக்கு மடலும் சரிந்து சப்பையாகிவிடும். வளர்ந்த பிறகு அதைத் திருத்த நினைப்பவரிடம் மனத்தைத் தேற்றிக்கொள் என்று யாரும் உபதேசம் செய்யக்கூடாது. விபத்தில் மூக்கு நொறுங்கியவரிடமும் அப்படியே. சென்னை ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுகள் இருப்பது இவர்களுக்காகத்தான். அரசும் ஒரு கோடு போட்டிருக்கிறது: அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, விபத்துக் காயம் இவற்றைச் சரிசெய்வதற்கு வரிவிலக்கு. காப்பீட்டு நிறுவனங்களும் ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான் நிற்கின்றன. தண்டு வளைந்து துளை சிறுத்த என் மூக்கு கோட்டின் எந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல. வேதனைக்கும் தேவைக்கும் நடுவே சட்டத்தால் துல்லியமாக எல்லை கட்ட முடியாது என்பதைத்தான் இதில் பார்க்கிறேன்.

நான் அறுவை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். என் தங்கை மகள் இதே மூக்கோடு வளர்கிறாள். அவள் பெரியவளாகி வேறு முடிவெடுத்தால் துணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவேன். அதுவரை அவள் மூக்கைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இந்த முடிவின் முன்னால் நிற்கும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அழகு நிலையங்களின் விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் மூச்சைச் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு சர்ஜனிடம் போனால், அவர் அறுவை செய்தவர்களின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் எடுத்த படங்கள் போதாது. முகத்தை அண்ணாந்து கீழிருந்து எடுத்தவையாக, அறுவை முடிந்து ஒரு வருடம் கழித்து எடுத்தவையாக இருக்கட்டும்.